ஏரி பார்த்த அறை, இரண்டு பேருக்கு

கண்ணாயிக்கு அந்தச் சீட்டை விற்றவர் ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் மளிகைக் கடை வைத்திருந்த தேவசிகாமணி. அதே மலையில் சில மைல் தள்ளியிருந்த மஞ்சக்குட்டையிலிருந்து மிளகும் பலாப்பழமும் கொண்டுவந்து அவர் கடையில் போட்டுவிட்டு, உப்பு புளி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது அவள் வழக்கம். எண்பத்தாறாம் வருடக் கோடையில், மலைக் கிராமங்களுக்கென்று ஒரு ஆம்புலன்ஸ் வாங்குவதற்காக ஊர் நற்பணி மன்றத்தார் பரிசுச் சீட்டு அச்சடித்திருந்தார்கள். மன்றத்தில் தேவசிகாமணிதான் பொருளாளர். கடைப்பக்கம் தலைகாட்டிய ஒருவரையும் அவர் சீட்டு வாங்காமல் அனுப்பவில்லை.

"ஆம்புலன்ஸ் வந்தா மொதல்ல உங்க ஊருப் பக்கந்தான் வரும் அம்மிணி" என்றார்.

"எம் பொண்ணு பழனியம்மா பொறக்கறப்ப என்னையக் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வாரதுக்குள்ள பாதி வழியிலயே பொறந்துட்டா. குடுங்க ஒண்ணு" என்று கண்ணாயி வாங்கி, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். என்ன பரிசு என்றுகூடக் கேட்கவில்லை.

கோடை விழாவின் கடைசி நாள், மலர்க் கண்காட்சி மேடையில் குலுக்கல். கண்ணாயியும் அவள் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணுவும் பூப் பார்க்க வந்தவர்கள், கூட்டத்தோடு கூட்டமாய் நின்றிருந்தார்கள். முதல் பரிசு ஸ்கூட்டர். அது சேலத்துத் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு விழுந்தது, ஆள் வரவில்லை. இரண்டாவது பரிசை ஹோட்டல் பனிச்சாரல் கொடுத்திருந்தது: ஏரியைப் பார்த்த அறையில் இரண்டு பேர் இரண்டு நாள் தங்கிக்கொள்ளலாம். சாப்பாடு, சுற்றிப் பார்க்க வேன், படகுச் சவாரி எல்லாம் இலவசம். சென்னைக்காரரோ கோயமுத்தூர்க்காரரோ ஜெயித்தால் ஹோட்டலுக்கு நல்ல விளம்பரம் என்று மானேஜர் கோவிந்தராஜ் நினைத்திருந்தார். சீட்டை எடுத்துப் பெயரைப் படித்தார்கள்.

"கண்ணாயி, மஞ்சக்குட்டை!"

கூட்டம் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தது. மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு டூர்! கண்ணாயியும் சிரித்துக்கொண்டேதான் மேடை ஏறினாள். ஐயாக்கண்ணுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது பரிசான பெரிய குக்கரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது விழுந்திருந்தா ஊட்டுக்கு ஆகியிருக்கும்" என்றார், அவள் இறங்கி வந்ததும். "இதைய பழனியம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் குடுத்தர்லாம். சின்னஞ்சிறுசுக, வந்து இருந்துட்டுப் போகட்டும்."

"அவங்களுக்கு இன்னும் நொம்ப வயசு கெடக்குது. எம் பேருக்கு விழுந்தது, நாந்தான் போவேன். கூட வர்றதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க வாரீங்களா, இல்ல பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் பொண்டாட்டியக் கூப்புட்டுக்கட்டுமா?"

மானேஜர் கோவிந்தராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்களிடம் வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சீசன் நேரத்தில் ஏரி பார்த்த அறை ஒன்றை இரண்டு நாள் விட அவருக்கு மனம் வரவில்லை. "அம்மா, மழைக்காலம் முடிஞ்சு வந்தீங்கன்னா கூட்டம் இருக்காது. அமைதியா இருக்கும்" என்று இழுத்தார்.

"கூட்டத்தப் பாக்கத்தானுங்க வரோம். அமைதி எங்க ஊருல நெறைய இருக்குது. வார வெசாழக்கெழம வரட்டுங்களா?"

கோவிந்தராஜ் தலையாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை மதியப் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். கண்ணாயி பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். ஐயாக்கண்ணு துவைத்த வேட்டி சட்டையோடு, முகத்தை மட்டும் துவைக்காதது போல வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் சினை மாடு இருந்தது. பீன்ஸ் கொடி இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் பெரியண்ணன் தண்ணீர் விடும் லட்சணம் ஐயாக்கண்ணுவுக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் அறை. ஜன்னல் திரையை விலக்கியதும் ஏரி முழுசாகத் தெரிந்தது; சிவப்பும் மஞ்சளுமாகப் படகுகள். கண்ணாயி ஜன்னலை விட்டு நகரவே இல்லை. இத்தனை வருடமாக அந்த ஏரிக்கரையில் தலைச்சுமையோடு நடந்திருக்கிறாள். ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஐயாக்கண்ணு அறையைச் சுற்றி வந்தார். கட்டிலை அழுத்திப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குளியலறையில் குழாயைத் திறந்தவர், வந்த வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பணியாளர் ஒரு தட்டில் காபி கொண்டுவந்து வைத்தார். டிகாக்ஷன் தனி, பால் தனி, சர்க்கரை தனி.

"இதைய யாரு கலக்கறதுங்க?" என்று கேட்டாள் கண்ணாயி.

"உங்களுக்குப் புடிச்ச மாதிரி நீங்களே கலந்துக்கலாங்க."

"நானே கலக்கிக் குடிக்கறதுக்கு எதுக்கு சாமி பஸ் ஏறி வரோணும்? நீங்களே கலக்கிக் குடுங்க. எனக்குச் சக்கர தூக்கலா."

அவர் சிரித்துவிட்டுக் கலந்து கொடுத்தார். கண்ணாயி ஜன்னலோரம் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். காபிச் செடிக்குக் களை எடுத்திருக்கிறாள், பழம் பறித்திருக்கிறாள், வாசல் நிறையக் கொட்டை காயப்போட்டிருக்கிறாள். யாரோ ஒருவர் கலந்து அவள் கையில் கொடுத்தது இதுதான் முதல்தடவை.

"வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்றாள்.

"உக்காந்து?"

"உக்காந்து பாக்கறதுதான்."

அவர் வந்து உட்கார்ந்தார். ஏரியைப் பார்த்தார். "தண்ணி நொம்ப இறங்கிப் போச்சு" என்றார். பிறகு எழுந்து ஜன்னல் கொக்கி ஆடுவதைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எழுந்துவிட்டார். கட்டில் மெத்தை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தரையில்தான் படுத்திருந்தார். ஏதாவது வேலை இருக்கிறதா என்று அறையைப் பார்த்தார், இல்லை. கண்ணாயி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் திறந்தாள்.

"தேவசிகாமணியப் பாத்து மிளகு சங்கதி பேசிட்டு வந்தர்றேன்" என்றார்.

"டிபனுக்கு வந்துருவீங்களா?"

"வந்துருவேன், வந்துருவேன்."

டிபனுக்கு வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பூரி ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாயி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் ஈரோட்டிலிருந்து வந்த கலாவதியும் அவள் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலாவதி ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். சத்தமாகச் சிரிப்பவள்.

"தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருதாங்க வந்தோம். ஒருத்தரு காணாமப் போயிட்டாரு."

"ஆம்பளைங்க வந்துருவாங்க விடுங்க. வேன் கெளம்பப் போவுது. நீங்க எங்ககூட வாங்க."

கண்ணாயி இன்னொரு தடவை வாசலைப் பார்த்தாள். அப்புறம் பூரியைச் சாப்பிட்டு முடித்து, அவர் பங்கையும் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தது.

வேன் ஓட்டியது ராஜேந்திரன். சேலத்து ஆள். ஓட்டிக்கொண்டே பேசவும் செய்வார். பேசிக்கொண்டேதான் ஓட்டுவார் என்றும் சொல்லலாம். பகோடா பாயின்ட்டில் இறக்கிப் பள்ளத்தைக் காட்டினார். பிறகு எஸ்டேட்டுகளைச் சுற்றிவரும் ரோட்டில் வேனை விட்டார்.

"இனிமே வரப்போறது மலைக் கிராமங்க" என்று அறிவித்தார். "இங்க இருக்கற சனங்க பலாப்பழ சீசன்ல அடுப்பே பத்த வெக்க மாட்டாங்க. மூணு வேளையும் பழந்தான்."

கண்ணாயிக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. அடுப்படி வேலை இல்லாத அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து ஆவலாய் வெளியே பார்த்தாள்.

மஞ்சக்குட்டைக்கு முந்தின வளைவில் ராஜேந்திரன் வேகத்தைக் குறைத்தார். ரோட்டை ஒட்டிய பீன்ஸ் தோட்டத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் வெள்ளை முண்டாசோடு ஒருவர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு யாருடையது என்று கண்ணாயி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாருங்க, பெரியவரு எப்படி உழைக்கறாருன்னு!" என்று ராஜேந்திரன் வேனை நிறுத்தினார். கலாவதியின் கணவர் கேமராவை எடுத்தார்.

சத்தம் கேட்டு ஐயாக்கண்ணு திரும்பினார். வேனைப் பார்த்தார். வேன் ஜன்னலில் பச்சைச் சேலையைப் பார்த்தார். மண்வெட்டி கையோடு அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாயி ஜன்னல் கண்ணாடியை நன்றாகத் தள்ளித் திறந்தாள்.

"ஏனுங்க, இது என்ன செடிங்க?"

"பீன்ஸுங்க" என்றார் ஐயாக்கண்ணு.

"நீங்க ஒத்தையாளாவா இத்தனையும் பாக்கறீங்க? ஊட்டுல பொம்பளயாளு இல்லீங்களா?"

"இருக்காங்க."

"எங்கீங்க, காணோம்?"

"டூரு போயிருக்காங்க."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். மலைக்காரர் நல்ல கேலிக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள். கேமரா இரண்டு தடவை சொடுக்கியது. ஐயாக்கண்ணு வேர்வையைத் துடைக்க முண்டாசை அவிழ்த்தார். அது விரிந்தபோது நீல எழுத்தில் 'ஹோட்டல் பனிச்சாரல்' என்று பளிச்சென்று தெரிந்தது.

ராஜேந்திரன் முகம் மாறியது. வேனிலிருந்து குதித்து வரப்புக்குப் போனார்.

"ஏய்யா, இது எங்க ஓட்டல் துண்டு. உனக்கு ஏது இது? மாசத்துக்கு ரெண்டு துண்டு காணாமப் போவுதுன்னு மானேஜரு எங்களப் புடிச்சுத் திட்டறாரு. எங்கய்யா எடுத்த, சொல்லு!"

ஐயாக்கண்ணு கையிலிருந்த துண்டையும் வேன் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். வேனுக்குள் சிரிப்பு நின்றது. கலாவதியின் கணவர் கேமராவைக் கீழே இறக்கினார். எல்லோருடைய கண்ணும் சேற்றுக் காலோடு நின்ற அந்த மனிதர் மேல் இருந்தது.

அதுவரை கண்ணாயிக்கு உள்ளே குமைந்துகொண்டிருந்த கோபம் சட்டென்று ஆள் மாறியது. கதவைத் திறந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் விறுவிறுவென்று நடந்தாள்.

"தம்பி, மரியாதையாப் பேசுங்க. அவரு எங்க ஊட்டுக்காரரு. அந்தத் துண்டு எட்டாம் நம்பர் ரூம்பு துண்டு. பரிசு விழுந்து வந்து தங்கியிருக்கறோம். வேணும்னா உங்க மானேஜரைக் கேளுங்க."

ராஜேந்திரன் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "அப்ப நீங்க... இந்த ஊரா?"

"இந்த ஊரு மட்டுமா தம்பி, இந்தக் காடு தோட்டமே எங்களுதுதான்."

வேனில் முதலில் சிரித்தது கலாவதி. அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் ராஜேந்திரனே தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்கும்படி ஆகிவிட்டது. "தப்பா நெனைச்சுக்காதீங்க ஐயா, மன்னிச்சுக்கோங்க" என்று ஐயாக்கண்ணுவின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் இறங்கித் தோட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்த நேரம் பெரியண்ணனும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து சேர்ந்தார். "காத்தால இருந்து சொல்றேன், நாம் பாத்துக்கறேன் போங்கன்னு. எம் மேல நம்பிக்கை இருந்தாத்தானே!" என்று கண்ணாயியிடம் முறையிட்டார். மாடு கன்று போடவில்லை. பீன்ஸ் கொடி வாடவும் இல்லை. பெரியண்ணன் பலாமரத்திலிருந்து ஒரு பழத்தை இறக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தவர்களுக்கு அரிந்து கொடுக்க ஆரம்பித்தார்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் கண்ணாயியும் ஐயாக்கண்ணுவும் மட்டும் நின்றார்கள்.

"எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லிட்டு வந்தீங்க?"

"சொன்னா உட மாட்ட."

"ரெண்டு நாளு. ரெண்டே நாளு எங்கூடச் சும்மா உக்காந்திருக்க முடியலீங்களா உங்களுக்கு?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்கூட உக்காரக் கசக்கல புள்ள. சும்மா உக்காரத் தெரியல. கை காலையெல்லாம் எங்க வெக்கறதுன்னு தெரியாமக் கெடந்தேன். நீ ஜன்னல்ல சிரிச்ச மொகமா உக்காந்திருந்த. எம் மூஞ்சியப் பாத்து அதுவும் கெட்டுப்போயிரும்னு நெனச்சேன்."

இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கண்ணாயி கேட்டதில்லை. அவர் கையிலிருந்த துண்டை வாங்கினாள். ஒருகாலத்தில் அது வெள்ளையாக இருந்தது.

"பூரி போட்டாங்க" என்றாள். "உங்க பங்கையும் நானே தின்னுட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நொம்ப நல்லா இருந்துச்சு. வாங்க, வண்டி ஏறுங்க. சாயங்காலம் படகு இருக்குது."

வேன் திரும்பியபோது ஐயாக்கண்ணு கலாவதியின் கணவருக்கும் ஒரு பெரிய பலாப்பழத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் வாசலில் மானேஜர் கோவிந்தராஜ் நின்றிருந்தார். சேற்றுக் காலோடு இறங்கிய விருந்தாளியையும் மண் நிறத்துத் துண்டையும் பார்த்து அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ராஜேந்திரன் அவசரமாகப் பலாப்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். கனம் தாங்காமல் அவர் அதை இறக்கி வைப்பதற்குள் இருவரும் அறைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் படகுத்துறையில் நல்ல கூட்டம். காலால் மிதித்து ஓட்டும் சின்னப் படகு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. ஆளுக்கு ஒரு ஜோடி மிதி. மிதி என்று ஒன்றைக் கண்டதும் ஐயாக்கண்ணுவின் முகம் தெளிந்துவிட்டது. வேலை இருந்தது! அவர் முழுப் பலத்தோடு மிதித்தார். கண்ணாயி அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, நினைவு வந்தபோது மிதித்தாள். படகு நேரே போகாமல் ஏரி நடுவில் வட்டமடித்தது.

"சரியா மிதி புள்ள!"

"நான் சரியாத்தான் மிதிக்கறேன். நீங்க ஏன் காட்டு வேலை மாதிரி மிதிக்கறீங்க? கொஞ்சம் உடுங்க."

அவர் காலை எடுத்தார். அவளும் எடுத்தாள். படகு இன்னும் அரை வட்டம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது. தண்ணீர் அடியில் தட்டித் தட்டி ஓசை செய்தது. இன்னொரு படகிலிருந்து கலாவதி கையாட்டினாள், கண்ணாயியும் ஆட்டினாள். மலைச்சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று வந்தது. ஐயாக்கண்ணு இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை அவள் பக்கத்துக் கம்பிக்குப் போயிற்று. கரையில் நின்றவன் நேரமாகிவிட்டதென்று விசில் ஊதியது இருவருக்கும் கேட்டது. இருவருமே கேட்காதது போல இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்து, கோவிந்தராஜிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பஸ்ஸில் செம்மநத்தம் போகும் ஆட்களும் மஞ்சக்குட்டை ஆட்களுமாக எல்லாம் தெரிந்த முகங்கள். "என்னுங்க மாமா, டூரு எப்படி?" என்று முன் சீட்டிலிருந்து கருப்பண்ணன் கேட்டதுதான் தாமதம்.

ஐயாக்கண்ணு எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். படகு எவ்வளவு பெரியது, ஏரியின் ஆழம் என்ன, நடு ஏரியில் காற்று எப்படி அடித்தது, அதில் தான் ஒற்றை ஆளாய் எப்படிப் படகைச் சமாளித்துக் கரை சேர்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். படகு வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே போயிற்று. கண்ணாயி ஜன்னலோரம் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். இரண்டு இடத்தில் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சக்குட்டையில் பஸ் நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இறங்குங்க மாமா, ஊரு வந்துருச்சு" என்றான் கருப்பண்ணன்.

"இரு கண்ணு" என்றார் ஐயாக்கண்ணு. "கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்குது."